துருவம் கண்ட தீர்த்தகிரி

ஜவ்வாது மலையில் இருக்கிற ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது என் மூஞ்சிதான். பெருமைப்பட ஒன்றும் இல்லை. பத்தடி உயர ஃபிளக்ஸில் என் மச்சான் தீர்த்தகிரியின் தோளுக்கு மேல் ஒரு தலை தொங்கிக்கொண்டிருக்கும். வாய் பிளந்து, மூக்கு ஒழுகி, கண் சொருகி. அந்தத் தலை நான். என்னை முதுகில் சுமந்துகொண்டு, மஞ்சள் குளிர்கோட்டும் அதுவுமாக நடந்து வருகிறவன் அவன். மேலே சிவப்பு எழுத்தில் ‘துருவம் கண்ட தீர்த்தகிரி’. கீழே பொடியாக, ‘சாமை, தேன், புளி, கடுக்காய் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.’

வெயிலில் வெளுத்துப்போனால் புதுசு அடித்து மாட்டிவிடுகிறான். போன தடவை அடித்தபோது கம்ப்யூட்டர்காரனிடம் சொல்லி தன் முகத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கிக்கொண்டான். என் மூக்கைத் துடைத்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இவன் கதையை இவனே சொல்லிச் சொல்லி மலை முழுக்கப் பரப்பிவிட்டான். நான் மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருப்பவன். கடைக்கு வருகிறவர்கள்கூட, “நீதானே அந்த நரி பின்னால போன ஆளு?” என்று கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

அவன் அப்பா ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குக் குடிபோனவர். மலையில் விளைகிற சாமையையும் கடுக்காயையும் வாங்கிக் கீழே அனுப்புகிற கடை அவருடையது. மூத்தவன் தீர்த்தகிரி, நடுவில் என் மனைவி வசந்தி, கடைக்குட்டி ராஜேஷ். அப்பா செத்த பிறகு கடை தீர்த்தகிரிக்கு வந்தது. அவன் கடைக்கு வரவில்லை. தேனீப்பெட்டி வைத்தான், தேனீ ஓடிப்போனது. மலையின் காற்று சரியில்லை என்றான். மினி லாரி ஓட்டினான். கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை இடித்தான். சுவரை எந்த முட்டாள் அங்கே கட்டினான் என்று கேட்டான். ஒரு கட்சியில் சேர்ந்தான், அதிலிருந்து இன்னொன்றுக்குப் போனான். தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களுமே இவன் தங்கள் ஆள் இல்லை என்றார்கள். கடையை அவன் பெண்டாட்டி நடத்தினாள். அது நன்றாக ஓடியதற்குக் காரணமும் அதுதான்.

முன்பின் தெரியாத ஊருக்கும் நின்று நிதானமாக வழி சொல்லக்கூடிய ஆள் அவன். தப்பான வழியில் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள் என்பது அவனுக்கு வசதி.

ஆனால் மலையில் அவனுக்கு வழி தெரியும். அதில் நான் பொய் சொல்லக்கூடாது. ஜவ்வாது மலையில் காட்டுக்குள் திசை தப்பினால் ஒரே வழிதான், ஓடையைத் தேடிப் பிடிப்பார்கள். தண்ணீர் போகிற பக்கமே இறங்கினால் எப்படியும் ஒரு வயல் வரும், ஒரு வீடு வரும், கடைசியில் உத்திரகாவேரி ஆறு வரும், ஆற்றோடு வந்தால் ஒடுகத்தூர் வந்துவிடும். கடுக்காய் பொறுக்கப் போகிறவர்கள், மாடு தேடப் போகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வீடு வந்து சேர்கிறார்கள். சின்ன வயதில் தீர்த்தகிரியும் ஒருமுறை அப்படி வந்து சேர்ந்திருக்கிறான். அன்றிலிருந்து உலகத்தில் இருக்கிற தண்ணீர் எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ரஷ்யாவின் வடகோடியில், கடலோரமாக, எரிவாயு ஆலை ஒன்று கட்டுவதற்கு ஆள் எடுத்தார்கள். தீர்த்தகிரி ஸ்ரீபெரும்புதூரில் கொஞ்ச நாள் சாரம் கட்டியிருக்கிறான். நான் ஐடிஐ படித்த ஃபிட்டர். இரண்டு பேருக்கும் கிடைத்தது. எனக்குப் போக மனமில்லை. வசந்திதான் விடவில்லை.

“அண்ணன் கூட வர்றான், உங்களுக்கு இன்னா பயம்?” என்றாள்.

அண்ணன் கூட வருவதுதான் பயம் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

போய் இறங்கிய அன்றே அந்த மண்ணைப் பார்த்து தீர்த்தகிரி காறித் துப்பினான். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் கிடையாது. மேடு கிடையாது. கூப்பிட்டால் திருப்பிச் சொல்ல ஒரு குன்று கிடையாது. தூரத்தில் ஒரு வீடு தெரிகிறது என்று நடந்தால் அது துருப்பிடித்த டீசல் பீப்பாயாக இருக்கும். பீப்பாய் என்று நினைத்தது வீடாக இருக்கும். பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க ஒரு மரம்கூட இல்லாவிட்டால் எது பெரிது, எது சின்னது, எது கிட்ட, எது எட்ட என்று கண்ணுக்கே தெரியாமல் போகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

மண்வெட்டியால் வெட்டினால் ஒரு முழம் சேறு, அதற்குக் கீழே கல் மாதிரி உறைந்த மண். அது எந்தக் கோடையிலும் இளகாதாம். எத்தனை ஆள் ஆழத்துக்கு உறைந்திருக்கிறது என்று கேட்டேன்; நம் மலையின் பாதி உயரம் வரும்போல் சொன்னார்கள். அதனால் கட்டடம் எதையும் தரையில் உட்கார வைக்க மாட்டார்கள். வீட்டுச் சூடு கீழே இறங்கினால் மண் இளகி வீடு சாய்ந்துவிடும். எல்லாம் இரும்புக் கால் ஊன்றி, அடியில் காற்று போகிற மாதிரி தூக்கி வைத்திருப்பார்கள். குழாய்கூட தரைக்கு மேலேதான் போகும்.

மேலே உருகுகிற பனித்தண்ணீர் கீழே இறங்க வழி இல்லை. அப்படியே நிற்கும். அதனால் அந்த நிலம் முழுக்கக் குட்டை. உறைந்த மண் குளிரில் வெடித்து வெடித்துக் கோடு கோடாகப் பிளந்து, ஓரம் தூக்கி, அச்சாக நம் நெல் வயலில் வரப்பு கட்டிய மாதிரி இருக்கும். உழுகிறவன் இல்லை, நடுகிறவன் இல்லை, வரப்பு மட்டும் இருக்கிறது. வயலுக்குள் பாசியும் கோரையும் தண்ணீரும். கோடையில் சூரியன் இறங்கவே மாட்டான். கொசு அதை விட மோசம். வாத்துகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக வந்து முட்டை வைத்து, குஞ்சு பறக்கத் தொடங்கியதும் கிளம்பிவிடும். அதுகளுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

“இது இன்னா ஊரு மாப்ள? சாமி, மீந்துபோன சேத்த கொண்டாந்து இங்க கொட்டிட்டான்,” என்பான் தீர்த்தகிரி.

ஒரு நாள் ரஷ்யக்காரப் போர்மேன் கணுக்கால் உயரச் செடி ஒன்றைக் காட்டி, இது மரம், வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்றார். தீர்த்தகிரி விழுந்து விழுந்து சிரித்தான். தன் செருப்பை அதன் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காற்றில் தலை தூக்காமல் தரையோடு தரையாக அறுபது வருஷம் பிழைத்திருப்பது லேசான காரியமா? தலை தூக்காமல் இருப்பது எப்படி என்று இவனுக்கு எப்படிப் புரியும்?

முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ரஷ்ய மொழியில் சொன்னதை ஒரு பீகார்க்காரர் இந்தியில் சொன்னார். கடலிலிருந்து மூடுபனி வரும், வந்தால் அப்படியே நில், விசில் அடி, நாங்கள் தேடி வருவோம், ஒரு அடிகூட நகராதே. ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது, தீர்த்தகிரிக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த வகுப்பில் அவனளவுக்குத் தலையாட்டினவர்கள் யாரும் இல்லை. நான் தமிழில் சொன்னபோது, “எனக்கே சொல்றியா?” என்றான். விசிலை அறையில் ஆணியில் மாட்டிவிட்டான்.

செப்டம்பர் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. கடற்கரையில் மரம் கிடக்கிறது என்று சமையல்காரன் சொல்லியிருக்கிறான். அது உண்மைதான். தெற்கே எங்கேயோ காட்டில் விழுகிற மரங்களைப் பெரிய ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளும். பனிக்கட்டியில் சிக்கி அது வருஷக்கணக்கில் சுற்றும். பிறகு அலை கொண்டுவந்து இந்த மரமில்லாத கரையில் போட்டுவிடும்.

“மாப்ள, மரத்த பாத்து எத்தினி மாசம் ஆவுது? வா, போய் பாத்துட்டு வந்துடலாம்,” என்றான்.

மச்சான் கூப்பிட்டுப் போகாமல் இருந்தால் செய்தி போனில் வசந்திக்குப் போய்விடும். போனேன். முகாமைச் சுற்றி நட்டிருந்த எல்லைக் கொடியைத் தாண்டிப் போகக்கூடாது என்றேன். கொடி ரஷ்யக்காரனுக்கு என்றான்.

கரையில் கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. பட்டை இல்லை, கிளை இல்லை, எல்லாம் சாம்பல் நிறம், கை வைத்தால் வழவழவென்று. தீர்த்தகிரி ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தான். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான். வாசனை வரவில்லை போலிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு என்றான். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த நேரம் மட்டும் அவனை எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது கை நீளத்தில் ஒரு கட்டையை எடுத்து, அதையும் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டான். அறையில் வைக்கவாம்.

திரும்பும் வழியில் கரை இல்லை. அந்தக் கடலோரம் முழுக்க உறைந்த மண்தான்; கோடையில் அலை அடித்து அடித்து அடி இளகி, நனைந்த வெல்லக்கட்டி மாதிரி பொளபொளவென்று விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் வந்த பாதை ஒரு லாரி அகலத்துக்கு இடிந்து கடலில் கிடந்தது. சுற்றிப் போக உள்ளே நடந்தோம். அப்போது மூடுபனி வந்தது. முதலில் கடல் மறைந்தது, பிறகு கரை, பிறகு என் பூட்ஸ். தீர்த்தகிரியின் குரல் மட்டும் மறையவில்லை.

“இங்கயே நிப்போம் மச்சான். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் விசில் அடிக்கிறேன்,” என்றேன்.

“இன்னா பேசற நீ? சொம்மா நின்னா வூடு நம்மள தேடி வருமா? மலையில பொறந்தவன்டா நானு. தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு. அது பின்னாலயே போனா முடிஞ்சுது.”

“இது மலை இல்ல மச்சான்.”

“தண்ணி தண்ணிதானே?”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஒரு வரப்போரம் தண்ணீர் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதைப் பின்தொடர்ந்தோம். அது ஒரு குட்டையில் சேர்ந்தது. குட்டையின் மறுபக்கம் இன்னொரு வாய்க்கால். அது வேறொரு குட்டைக்குப் போனது. அங்கிருந்து இன்னொன்று. சாய்வே இல்லாத நிலத்தில் தண்ணீர் எங்கே போகும்? சும்மா இங்கும் அங்கும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குட்டையிலும் தீர்த்தகிரி, “கிட்ட வந்துட்டோம்,” என்றான். ஒரு இடத்தில் தோள் வலிக்கிறது என்று கட்டையைக் கீழே போட்டான்.

பிறகு வெகுநேரம் நடந்தோம். பனிக்குள்ளே தரையில் ஏதோ நீளமாகத் தெரிந்தது. கிட்டப் போனால், கட்டை.

“மச்சான், நம்ம கட்டை,” என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். தொட்டும் பார்த்தான். அவன் முகத்தில் எல்லாம் தெரிந்தது.

“இது வேற கட்டை மாப்ள,” என்றான்.

நூறு மைலுக்கு ஒரு மரம் இல்லை. கடல் எங்கேயோ இருக்கிறது. அந்த இடத்தில், அதே நீளத்தில், நகம் சுரண்டிய தடத்தோடு, வேறு கட்டையாம்! அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு இன்றுவரை ஆறவில்லை. வழி தப்பினது பெரிய குற்றம் இல்லை. யாருக்கும் தப்பும். தப்பின வழியைக் காலடியில் பார்த்துக்கொண்டே இது வேறு என்று சொல்கிற வாய் இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குட்டையில் மெல்லிய பனிக்கட்டி மூடியிருந்ததைத் தரை என்று நினைத்து வலது காலை வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனது. பூட்ஸ் நிறையத் தண்ணீர். ராத்திரி குளிர் இறங்கியது. தீர்த்தகிரி என் காலை எடுத்துத் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தான். அதை நான் மறைக்கவில்லை. நான் விசில் அடித்துக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் அதைக் கேட்டுத்தான் வண்டி வந்தது. குட்டைகளைத் தாண்டி வண்டி வர முடியாததால் தீர்த்தகிரி என்னை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தான். டிரைவர் தன் போனில் படம் எடுத்தார். அந்தப் படம்தான் ஜமுனாமரத்தூரில் தொங்குகிறது.

வலது காலில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டும் குளிரில் கருகிப் போயின. விதியை மீறி எல்லை தாண்டியதற்காக இருவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லீவில் வந்திருக்கிறோம் என்றான் தீர்த்தகிரி. மூன்று வருஷமாக அதே லீவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சந்தை நாளில் மலைக் கிராமங்களிலிருந்து ஜனம் வரும். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை சொல்வான். அந்தக் கதையில் கட்டை கிடையாது. ஒரு வெள்ளை நரி உண்டு, கோபால் என்று என் பேரும் உண்டு. நரி அழகாக இருக்கிறது என்று கோபால் அதன் பின்னால் போய்விடுவான். தீர்த்தகிரி மூடுபனியில் தண்ணீர் போகிற பக்கமே போய்க் கோபாலைக் கண்டுபிடித்து, அதே தண்ணீரோடு திரும்பி, முதுகில் சுமந்து காப்பாற்றுவான்.

“துருவமா இருந்தா இன்னா, ஜவ்வாதா இருந்தா இன்னா? தண்ணிக்கு வழி தெரியும்!” என்று முடிப்பான். ஜனம் கை தட்டும். தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் செய்துவந்தது துருவம் வரைக்கும் செல்லுபடி ஆகியிருக்கிறது, பின்னே தட்டாமல் என்ன? உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிற அளவுக்கு ஒருவனுக்கும் அக்கறை இல்லை. புளி வாங்க வந்த இடத்தில் கதை இனாமாகக் கிடைக்கிறது.

வசந்தியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருமுறை அல்ல, பலமுறை.

“தூக்கினு வந்த மனுஷன இப்படிப் பேசறீங்களே, நல்லா கீதா?” என்றாள். அதோடு விடவில்லை. வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும், “நரி பின்னால போன ஆளுதானே நீங்க,” என்று முடித்துவிடுவாள். கல்யாணத்துக்குப் போகிற வழியில் பஸ் மாறுவதற்குக்கூட என் பேச்சு எடுபடவில்லை.

இதையும் சகித்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் ராஜேஷ் கிளம்பினான்.

ராஜேஷ் டிப்ளமோ படித்தவன். நல்ல பிள்ளை, அண்ணன் மாதிரி இல்லை. அதே வடகோடி, அதே கடலோரம், வேறு ஆலை. சர்வே கோஷ்டியில் வேலை. அதாவது கம்பையும் கருவியையும் தூக்கிக்கொண்டு ஆலைக்கு வெளியே, அந்தக் குட்டைகளுக்கு நடுவே, நாள் முழுக்க நடக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு இல்லாத விரல்கள் வலித்தன.

நான் அவனைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் சிரித்தான்.

“மாமா, அண்ணன் மேல உங்களுக்கு இன்னா கோவம்? பெரியவங்க சண்டைய பெரியவங்களே பாத்துக்கங்க,” என்றான்.

நான் சொல்லி அவன் கேட்கப்போவதில்லை. அண்ணன் வாயால் வந்தால்தான் உண்டு. நேராக மலைக்குப் போனேன். தீர்த்தகிரி சாமை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேன் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். லேபிளிலும் அதே படம்.

“ராஜேஷுகிட்ட நெஜத்த சொல்லிடு மச்சான். தண்ணி பின்னால போனா அவன் செத்துடுவான்,” என்றேன்.

“அங்க அவனுக்கு ட்ரெய்னிங் குடுப்பாங்க மாப்ள.”

“உனக்கும் குடுத்தாங்க.”

லேபிளைக் கோணலாக ஒட்டிவிட்டு, அதைப் பிய்க்க முடியாமல் கொஞ்ச நேரம் நோண்டினான்.

“ஊரே கேட்ட கதை. இப்ப போய் மாத்தி சொன்னா எம்மூஞ்சிய எங்க வெச்சிப்பேன்?”

“வெளிய பத்தடிக்கு தொங்குதே, அங்கயே வெச்சிக்கோ,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ராஜேஷ் கிளம்புகிற நாள் சந்தை நாளாக அமைந்தது. அமைந்ததா, இவன் அமைத்தானா தெரியாது. கடை வாசலில் நாற்காலி, மாலை, மைக்கும் ஸ்பீக்கரும்கூட வைத்திருந்தான். சந்தைக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றது. என் மாமியார் ராஜேஷின் நெற்றியில் திருநீறு பூசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வசந்தியோடு ஓரமாக நின்றேன். இன்று தீர்த்தகிரி சொல்லாவிட்டால் நான் எல்லார் முன்னாலும் கத்திவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தேன். பொறாமைக்காரன் என்பார்கள், சொல்லட்டும். பையன் உயிரோடு திரும்பினால் போதும்.

மாமியார் ராஜேஷின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ராஜேசு, அங்க வழி தப்பிச்சுன்னா இன்னா பண்ணுவ? அம்மாகிட்ட சொல்லிட்டுப் போ.”

“தண்ணி போற பக்கமே போவேம்மா. அண்ணன் மாதிரி.”

கூட்டம் கை தட்டியது.

“மறுக்கா சொல்லுடா. என் வவுறு குளிரட்டும்.”

“தண்ணி போற பக்கமே போவேன்,” என்று ராஜேஷ் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

தீர்த்தகிரி தம்பிக்குப் போட வேண்டிய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, ராஜேஷின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். புது ஷூ. நான் பேச வாயைத் திறந்தேன்.

“போவாத,” என்றான் தீர்த்தகிரி.

“இன்னாது?” என்றார் மாமியார்.

“தண்ணி பின்னால போவாதடா. அங்க அது ஆவாது. கீழ பூரா ஒறஞ்சி கெடக்குது, தண்ணி எறங்காது, ஓடாது, சொம்மா சுத்தி சுத்தி நிக்கும். நான் அது பின்னால போனேன். மாப்ள வேணாம்னாரு. நான்தான் கைய புடிச்சி இழுத்துனு போனேன். நரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன எடத்துக்கே திரும்ப வந்தோம், அது வேற எடம்னு அவருகிட்ட பொய் சொன்னேன். அவரு கால கெடுத்தது நான்தான்.”

மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் சந்தைக் கோடி வரை கேட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், “அண்ணன் எவ்ளோ அடக்கமா பேசறாரு பாரு!” என்றான். நாலு பேர் மறுபடியும் கை தட்டினார்கள். இந்த ஜனத்தை என்ன சொல்லித் திட்டுவது? பொய்க்கும் தட்டினார்கள், உண்மைக்கும் தட்டினார்கள்.

மாமியார் தட்டவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

வசந்தி என் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏங்க நீங்க சொல்லல?”

“சொன்னேனே.”

“இன்னும் நல்லா சொல்லியிருக்கணும்,” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வருஷம் சொன்னேன், இன்னும் எப்படிச் சொல்வது? ஆனால் அதைச் சொல்வதற்குள் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜேஷ்தான் பாவம். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது, பை தோளில் தொங்குகிறது, அத்தனை நாள் நம்பியிருந்த ஒன்றை அண்ணனே பிடுங்கிக்கொண்டான்.

“அப்ப வழி தப்பினா நான் இன்னாண்ணா பண்றது?” என்று கேட்டான்.

தீர்த்தகிரி மாலையை நாற்காலியில் போட்டுவிட்டு என் பக்கம் கை காட்டினான்.

“மாமாவக் கேளு. அன்னிக்கே அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காக மூன்று வருஷமாக நான் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். எத்தனையோ இரவு படுத்துக்கொண்டு அவனை வார்த்தை வார்த்தையாகக் கிழித்திருக்கிறேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவன் மேல் இருந்த இளக்காரம் போய்விடவில்லை, இப்போதும் இருக்கிறது. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது எனக்கே அவமானமாக இருந்தது.

“நில்லுடா,” என்றேன். “நின்ன எடத்துலயே நில்லு. விசில் அடி. ஒரு அடி நவுராத.”

“எவ்ளோ நேரம் மாமா?”

“ஆள் வர்ற வரைக்கும்.”

தீர்த்தகிரி பக்கத்தில் வந்து நின்று, தானே பஸ் ஏறப்போகிறவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவனுக்கு சரியா கேட்டுதோ இல்லியோ,” என்றான். “இன்னொருவாட்டி சொல்லு மாப்ள.”